காணாமல் போன கழிப்பறை

"டாய்லெட்டைக் காணோம்!" என்று ஒரு பெண் போனில் அழாக்குறையாகச் சொன்னபோது, வாயாடி கொஞ்சமும் தயங்கவில்லை.

"நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க மேடம். எந்த ஆபீஸா இருந்தாலும் அங்கதான் இருக்கும்."

அண்ணி எட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு நிமிடம் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, "நாங்க வர்ற வரைக்கும் தரையை யாரும் கூட்டக் கூடாது" என்று சொல்லி வைத்தாள்.

"வண்டியை எடு தம்பி. நிஜமாவே ஒரு டாய்லெட் திருடு போயிருக்கு."

"அட! இதுவரைக்கும் நான் டாய்லெட்ல திருடு போனதைத்தான் கேள்விப்பட்டிருக்கேன்."

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய துப்பறியும் நிறுவனம். அதன் முதலாளி, மூளை, கையெழுத்து எல்லாமே அண்ணிதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய் விபத்துகளைத் தோண்டி எடுத்துவிட்டு, இனி நிஜக் குற்றங்களைப் பார்க்கலாம் என்று வெளியே வந்தவள். வாயாடி அவள் கணவரின் தம்பி. மருந்துக்கடையில் வேலை பார்த்தான். இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம், "இருமுறதை நிறுத்திட்டா மருந்தே வேணாமே சார்" என்று சொன்னதோடு அந்த வேலை போயிற்று. அண்ணி அவனைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. வாயாடிக்கோ பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால் இங்கே தெரியும்.

"கண்ணு என்னுது, மூக்கு உன்னுது. வாயை மட்டும் ரெண்டு பேரும் பொதுவில விட்டுடலாம்" என்பாள் அண்ணி.

போன் செய்த அறக்கட்டளையின் கட்டடம் ஊருக்கு வெளியே, பழைய குழாய்த் தொழிற்சாலைக்குள் இருந்தது. தொழிற்சாலையின் சொந்தக்காரரை எல்லோரும் குழாய் ஐயா என்பார்கள். ஐம்பது வருடம் குழாய் விற்றுச் சேர்த்த செல்வம் மொத்தத்தையும் ஒருநாள் எடுத்து, "உலகத்துல கக்கூஸ் இல்லாத இடத்துக்கெல்லாம் கக்கூஸ், நல்ல தண்ணி இல்லாத ஆஸ்பத்திரிக்கெல்லாம் தண்ணி" என்று எழுதிவைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து அந்த அறக்கட்டளையின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டாள். போனில் பேசியவள் அவள்தான்.

"இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்குப் பதினோரு நாட்டுக்காரங்க வர்றாங்க" என்றாள், சோதனைக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டே. தூக்கமில்லாத கண்கள். "எல்லாரும் சுகாதாரத் துறைல பெரிய பொறுப்புல இருக்கறவங்க. ஒன்பதாம் நம்பர் ஓடறதைப் பார்த்துட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் பதினோரு நாட்டுலயும் ஆயிரக்கணக்குல செஞ்சு குடுக்கறதா ஏற்பாடு. இப்போ காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒன்பதாம் நம்பர்னா?" என்றாள் அண்ணி.

பதில் மூலையிலிருந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண். அந்தக் கழிப்பறையை உருவாக்கிய இன்ஜினியர்.

"எங்க ஒன்பதாவது மாடல். குழாய் வேணாம், சாக்கடை வேணாம். உள்ள போறதைக் காய வெச்சு, எரிச்சு, ஒரு கைப்பிடி சாம்பலாக்கிடும். கை கழுவுற தண்ணியைக்கூட சுத்தம் பண்ணித் திரும்பக் குடுக்கும். மேல சூரியத் தகடு இருக்கு, கரண்ட்டும் வேணாம். நாலு வருஷம் மேடம்... நாலு வருஷம் அதோடதான் குடித்தனம் பண்ணேன்."

"புருஷன் ஓடிப்போன மாதிரிதான்" என்று வாயாடி முணுமுணுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

நிர்வாகி அண்ணியை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம். போட்டிக் கம்பெனி ஒண்ணு அவளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. ரெண்டு நாளா எங்கிட்ட வேற சண்டை, இன்னும் ஒரு மாசம் டைம் வேணும்னு. மத்தியானத்துக்குள்ள கிடைக்கலன்னா நான் போலீசுக்குப் போயாகணும். போனா அவ பேரைத்தான் சொல்லியாகணும்."

"உங்க அப்பா என்ன சொல்றார்?"

"அவருக்கு இன்னும் தெரியாது. முழங்கால் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆகுது. காலைல பயிற்சிக்காக ஆஸ்பத்திரி போயிருக்கார். எந்தக் கவலையும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எங்களைப் பத்தி யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. உங்க கார்டு என் மேஜை மேல கிடந்துச்சு."

அண்ணி தலையாட்டிவிட்டுக் கூடத்துக்குள் திரும்பினாள். நடுவில், ஓர் ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுள்ள ஒன்று நின்றிருந்த இடம் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. நான்கு மூலையிலும் நான்கு துளைகள். பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு. தட்டில் நான்கு போல்ட்டுகள்.

அண்ணி குனிந்து ஒன்றை எடுத்தாள். போல்ட்டில் வாஷர் மாட்டி, அதன் மேல் நட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தது. நான்குமே அப்படித்தான்.

"திருடன் நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்றான் வாயாடி. "எடுத்த இடத்துல எதையும் சிதற விடல. எங்க அம்மா பார்த்தா பொண்ணு குடுத்துடுவாங்க."

"அது பழக்கம் தம்பி. கழட்டின நட்டு தொலைஞ்சா அடுத்த நாள் வேலை நின்னுடும்னு வருஷக்கணக்கா அடி வாங்கின கை." அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் இரண்டு பெரிய டின்கள், சீல் உடைக்காமல். "இது என்ன?"

இன்ஜினியர் கூச்சத்தோடு சொன்னாள். "பயறு மாவுக் களி. டெஸ்ட் பண்றதுக்கு... வந்து... நிஜத்துக்குப் பதிலா இதைத்தான் போடுவோம். இன்னைக்கு டெமோவுக்கு வெச்சிருந்தது."

வாயாடி இரண்டடி பின்வாங்கினான்.

"வேற ஏதாவது காணோமா?"

"சோப்பு" என்றாள் இன்ஜினியர். "சுவர்ல இருந்த கை கழுவுற சோப்பு. ஒரு பக்கெட்டும்."

அண்ணி முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்னப் புன்னகை வந்தது. தரையில் படிந்திருந்த தூசியில் தள்ளுவண்டியின் தடித்த தடம் ஒன்று வாசல்வரை போயிற்று. அதன் கூடவே, ஒட்டினாற்போல, மெல்லிய இரட்டைக் கோடு.

"குழந்தை வண்டி" என்றான் வாயாடி. "குடும்பத்தோட வந்து திருடியிருக்காங்க."

அண்ணி கேட்டுக்குப் போனாள். அங்கே வாட்ச்மேன் முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"காலைல யார் வந்தாங்க?"

"வெளியாள் யாரும் வரலைங்க."

"சத்தம் ஏதாவது?"

"திருடன் யாரும் வரலைங்க."

"நான் அதைக் கேக்கலையே."

"வெளியாள் யாரும் வரலைங்க" என்றான் வாட்ச்மேன் மறுபடியும், பாடம் ஒப்பிப்பது போல. ஏப்ரல் வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்குள் அவன் நெற்றியில் வியர்வை.

அண்ணி அவனை விட்டுவிட்டாள். வாயாடிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் செத்ததாகச் சொன்ன ஆளையே பேச வைத்தவள் அவள். திரும்பி வந்து அந்த வட்டத் தட்டை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சொல்லு."

வாயாடி கண்ணை மூடிக்கொண்டான். இந்த ஒரு விஷயத்தில் அவன் விளையாட மாட்டான். "மீன். பழைய மீன் இல்ல அண்ணி, இன்னைக்குக் காலைல வந்த மீன். கொஞ்சம் ஐஸ்கட்டி வாசனை, சாக்குத் துணி. அப்புறம்... எண்ணெய். சாப்பிடற எண்ணெய் இல்ல, மெஷின் எண்ணெய். அது போல்ட்டுல இருந்து வந்தது."

"விளிம்புல பாரு. மூணு ஓட்டை. ஒரு ஓட்டைல சங்கிலித் துண்டு."

"தராசுத் தட்டு!"

"இந்த ஆபீஸ்ல காகிதக் கப்பைத் தவிர ஒண்ணும் கிடையாது. அப்போ இது திருடன் கையோட வந்தது." அவள் தட்டைப் பைக்குள் போட்டாள். "ஊர்ல மீன் எங்க வந்து இறங்குது?"

"துறைமுகத்துக்குப் பின்னாடி, மொத்த மார்க்கெட்ல. அண்ணி, ஒரு சந்தேகம். மீன்காரங்க எதுக்குக் கக்கூஸைத் திருடணும்?"

"நீ எதுக்கு ஒரு கக்கூஸைத் திருடுவ?"

வாயாடி யோசித்தான். "அவசரத்துக்கு" என்றான்.

"அதேதான்" என்றாள் அண்ணி, ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு. "விக்கறதுக்கு எடுத்தவன் சோப்பை எடுக்க மாட்டான். மெஷினைப் பார்த்துக் காப்பியடிக்க எடுத்தவன் அந்த மாவு டின்னை விட்டுட்டுப் போக மாட்டான், அது இல்லாம ஓட்டிப் பார்க்க முடியாதே. சோப்பை எடுத்துக்கிட்டு மாவை வேணாம்னு விட்டவன் கிட்ட என்ன இருக்கணும்?"

"ஐயோ" என்றான் வாயாடி. "ஒரிஜினல் சரக்கு."

மொத்த மார்க்கெட் ஒரு பெரிய தகரக் கொட்டகை. ஈரத் தரை, கூடை கூடையாக மீன், கூடைக்குப் பின்னால் பெண்கள். முந்நூறு பேருக்குக் குறையாது. கத்தி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வாயாடிக்குத் தன் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணி வரிசை வரிசையாகத் தராசுகளைப் பார்த்துக்கொண்டே போனாள். ஏழாவது வரிசையில் நின்றாள். அங்கே ஒரு தராசின் ஒரு பக்கம் தட்டு, மறு பக்கம் கயிறு கட்டிய பிளாஸ்டிக் மூடி. கூடைக்குப் பின்னால் அகலமான தோளும் அதைவிட அகலமான சிரிப்புமாக ஒரு பெண். மார்க்கெட்டே அவளை மீன்காரக்கா என்றது. அங்கே எல்லோருமே மீன்காரர்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான்.

அண்ணி பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினாள்.

"அட, என் தட்டு! இதை எங்கம்மா..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சிரிப்பு அப்படியே கத்தரித்தது போல் நின்றது. "இது என்னுது இல்ல."

"மூடி வெச்சு எடை போடறீங்களே அக்கா."

"எனக்கு மூடிதான் பிடிக்கும்."

சுற்றியிருந்த பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் மீனைக் கவனிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. முந்நூறு வாய்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு அமைதியை வாயாடி கேட்டதே இல்லை.

"நீ அந்தப் பக்கம் பார்த்துட்டு வா" என்றாள் அண்ணி.

வாயாடி கொட்டகையின் பின்பக்கம் போனான். ஐஸ் வைக்கும் கிடங்கை ஒட்டி நீளமாக ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. முகங்களிலெல்லாம் ஒரு பரபரப்பு, ஒரு சந்தோஷம். கிடங்கு முனையில் வரிசை வளைந்து போனதால் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சலுகை விலையில் ஏதோ பெரிய மீன் போகிறது என்று நினைத்தான். அண்ணனுக்கு மீன் என்றால் உயிர். சரி, துப்புக்குத் துப்பும் ஆச்சு, மீனுக்கு மீனும் ஆச்சு என்று கடைசியில் போய் நின்றுகொண்டான்.

முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்ன தம்பி வேணும்?"

"எல்லாருக்கும் என்ன கிடைக்குதோ அதுவே போதும்க்கா. நல்லதாப் பார்த்து ஒரு கிலோ."

அதற்கு எழுந்த சிரிப்பில் ஐஸ் கிடங்கின் தகரம் அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி, "முதல்ல உள்ளயே போக விடுங்கடி, நானே சிரிச்சுச் சிரிச்சு..." என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி ஓடிவந்து பார்த்தபோது வாயாடி காது வரை சிவந்து நின்றான். "அண்ணி" என்றான் ஈனக் குரலில், "கேஸ் முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்."

கிடங்கின் முனையைச் சுற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். அங்கே, வெயில் விழும் இடமாகப் பார்த்து, ஒன்பதாம் நம்பர் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. வாசலில் பக்கெட், சோப்பு. காக்கிச் சட்டை போட்ட வயதான ஃபிட்டர் ஒருவர் ஸ்பேனருடன் குந்தியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில், மடியில் ஒரு நோட்டோடு, தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டு இன்னொருவர்.

அண்ணி நேராக அவரிடம் போனாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் ஆச்சு, ஐயா?"

தொப்பி மெல்ல மேலே ஏறியது. "நூத்திப் பதினேழு" என்றார் குழாய் ஐயா. "நீங்க வர மூணு மணி ஆகும்னு நினைச்சேன். பன்னிரண்டுக்கே வந்து நிக்கறீங்க. இருநூறு பேர் போகட்டும்னு கணக்கு வெச்சிருந்தேனே."

வாயாடி மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ... உங்க டாய்லெட்டை நீங்களே திருடிக்கிட்டீங்களா?"

"அதனாலதான் வாட்ச்மேன் பொய்யே சொல்லல தம்பி" என்றாள் அண்ணி. "வெளியாள் வரல, திருடன் வரல. உள்ளாள் வந்தாரான்னு கேட்டிருந்தா பாவம், அழுதிருப்பான். குழந்தை வண்டின்னு நீ சொன்ன கோடு சக்கர நாற்காலி. தள்ளுவண்டி மீன்காரக்காகிட்ட இரவல் வாங்கினது, தட்டு அதுலயே கிடந்து வந்திருக்கு. முழங்கால் ஆபரேஷன்னதும் பாதி புரிஞ்சுது. போல்ட்டுல நட்டை மாட்டி வெச்ச விதத்தைப் பார்த்ததும் இது குழாய்த் தொழிற்சாலைக் கைன்னு தெரிஞ்சுது."

"நான் சொல்லிக் குடுத்தது" என்றார் ஃபிட்டர் பெருமையாக.

"பொய். நான் உனக்குச் சொல்லிக் குடுத்தது" என்றார் குழாய் ஐயா.

"எங்க கார்டை உங்க பொண்ணு மேஜை மேல வெச்சது யாரு?"

"நான்தான். போலீசுக்குப் போனா அந்த இன்ஜினியர் பொண்ணைப் பிடிச்சுடுவாங்க. நீங்கன்னா நேரா என்கிட்ட வருவீங்க. என்ன, கொஞ்சம் மெதுவா வருவீங்கன்னு பார்த்தேன்."

"ஐயா, இதை உங்க பொண்ணுகிட்டயே கேட்டிருக்கலாமே?"

கிழவர் நோட்டை மூடினார். "கேட்டேனே. நிஜ ஆளுங்களை உள்ள அனுப்பிப் பார்க்கலாம்னு பத்துத் தடவை கேட்டேன். ஆறாவது மாடல்னு ஒண்ணு செஞ்சோம். டெஸ்ட்ல பிரமாதம். நானூறு செஞ்சு கப்பல்ல அனுப்பினோம். அடுத்த வருஷம் நான் போய்ப் பார்க்கறேன், ஒண்ணுல கோழி அடைகாக்குது. இன்னொண்ணுல விறகு. ஒண்ணுல ஒரு பெரியவர் ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார், வெயிலுக்கு இதமா இருக்காம். ஒருத்தர் கூட அதை அதுக்குன்னு பயன்படுத்தல. கதவு உள்ளயிருந்து சரியா சாத்தல, எந்தப் பொம்பளை போவா? அதை யாரும் எங்களுக்குச் சொல்லல. நாங்க யாரையும் கேக்கவும் இல்ல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் மூத்த பிள்ளை மூணு வயசுல பேதியில போனான். அப்போ நான் குழாய் விக்கற ஆளு. வாங்க வசதி இருக்கற தெருவுக்கெல்லாம் என் குழாய் போச்சு, நான் குடியிருந்த தெருவுக்கு வரல. அந்தக் காசுதான் இது. மாவுக் களியை நம்பி மறுபடி அந்தக் காசுல கோழிக்குக் கூடு கட்டச் சொல்றீங்களா?"



அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் நம்பருக்குள்ளிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு 'டொக்'. கதவுக்கு மேலே இருந்த பச்சை விளக்கு சிவப்பானது. வரிசையிலிருந்து "ஐயய்யோ" என்று ஒரு கோரஸ் கிளம்பியது. உள்ளே இருந்த பெண் அவசரமாக வெளியே வந்து, "நான் ஒண்ணும் பண்ணல, கைதான் கழுவினேன்!" என்றாள்.

ஃபிட்டர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "இது என் படிப்புக்கு மேல. அந்தப் பொண்ணுதான் வரணும்."

"அவ வந்தா என் பொண்ணுக்குத் தெரிஞ்சுடும்" என்றார் குழாய் ஐயா. அண்ணியைப் பார்த்தார். "நீங்க என்ன பண்ணப் போறீங்க? உங்க கடமை இதைத் தூக்கிட்டுப் போறது. கழுவித் துடைச்சு மாவு போட்டா நாலு மணிக்கு ஜோரா ஓடும். கையெழுத்தும் ஆயிடும்."

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"மேடம், கிடைச்சுடுச்சு. மீன் மார்க்கெட்டுக்கு வாங்க. இன்ஜினியரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அந்தப் பொண்ணு எடுக்கல, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." போனை வைத்துவிட்டு, "என்னைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. தூக்கிட்டு வரச் சொல்லல" என்றாள்.

"வாட்ச்மேன்கிட்ட நல்லா கத்துக்கிட்டீங்க அண்ணி" என்றான் வாயாடி.

நிர்வாகி வந்து இறங்கிய வேகத்தில் இரண்டு கூடை சாய்ந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது.

"அப்பா! ஆஸ்பத்திரில பயிற்சி செய்யறேன்னு சொன்னீங்க!"

"பயிற்சிதான் நடக்குது" என்றார் அவர். "எனக்கு இல்ல, அதுக்கு."

"நான் ராத்திரி பகலா உழைச்சு அவங்களை வரவழைச்சா, நீங்க இப்படி... என்னை நம்பலையாப்பா நீங்க?"

"உன்னை நம்பறேன்மா. மாவைத்தான் நம்பல."

அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இன்ஜினியர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணைக்கூடத் துடைக்காமல் நேராக மெஷினின் பின்பக்கத்துக்குள் தலையை விட்டுவிட்டாள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது கையில் வெள்ளி மாதிரி ஏதோ மின்னிற்று.

"செதில்!" என்று கத்தினாள். "மீன் செதில்! கை கழுவறப்போ தண்ணியோட போயிருக்கு. சின்னப் பம்பு அடைச்சுக்கிச்சு. நாலு வருஷத்துல ஒரு தடவை கூட நாங்க அழுக்குக் கையோட கை கழுவிப் பார்க்கல!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வாயாடிக்குத் தெரியவில்லை. "ஒரு வடிகட்டி இருந்தா போதும். மெல்லிசா, துணி மாதிரி இல்லாம, சிக்காம..."

மீன்காரக்கா தன் கூடைக்கடியிலிருந்து ஒரு பழைய வலைத் துண்டை உருவி எடுத்தாள். நான்காக மடித்தாள். "இது ஆகுமா பாரு கண்ணு. இதுல செதில் தப்பவே தப்பாது. மீனே தப்பாது."

ஆகிற்று. தொட்டியின் வாயில் வலையைக் கட்டி, பம்பைக் கழுவி மாட்டியதும் விளக்கு பச்சையானது. வரிசை கைதட்டியது.

நிர்வாகி இன்னும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, தூக்குங்க. இப்போ கிளம்பினாதான் போய் மாட்ட முடியும்."

யாரும் அசையவில்லை. மீன்காரக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்தாள்.

"ஒரு நிமிஷம்மா. உன் பொருள், நீ எடுத்துக்க. அதுக்கு நான் குறுக்க நிக்கல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். விடியறதுக்கு முன்னாடி நான் இங்க வந்தா, கூடை காலியாக மத்தியானம் ரெண்டு ஆகும். இருபத்திரண்டு வருஷமா அந்த நேரம் முழுக்க ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. குடிச்சா எங்க போறது? வெயிலு, தலைவலி, ரெண்டு தடவை கிட்னில கல்லு வந்து ஆஸ்பத்திரி. இன்னைக்குக் காலைல ரெண்டு சொம்பு குடிச்சேன்." அவள் சிரிப்பு திரும்பி வந்தது. "ரெண்டாவது சொம்பு தாகத்துக்கு இல்ல. திரும்ப ஒரு தடவை உள்ள போய்ப் பார்க்கலாமேன்னு."

நிர்வாகி அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வளைந்து போன அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். இத்தனை நாடுகளுக்குப் போனவள். இந்த மார்க்கெட் அவள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். மீன் வாங்க அவள் வீட்டு ஆள் தினமும் வருவான், அவள் வந்ததில்லை.

"அந்த நோட்டைக் குடுங்கப்பா" என்றாள்.

படித்தாள். தாழ்ப்பாள் உயரம். உள்ளே விளக்கு மங்கல். பையை மாட்ட இடமில்லை. சாம்பல் இழுப்பறை ஈரக் கையில் வழுக்குகிறது, காலால் தள்ளினால் திறக்க வேண்டும். நூற்றுப் பதினேழு பேரில் ஒருத்தியும் சும்மா போகவில்லை. எல்லோரும் ஒரு குறை சொல்லியிருந்தார்கள். எல்லோரும் மறுபடி வருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

அவள் இன்ஜினியரிடம் போனாள். "உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்புதான். நீ கேட்ட ஒரு மாசம்... இதெல்லாம் சரி பண்ணப் போதுமா?"

"ரெண்டு மாசம் குடுங்க மேடம்" என்றாள் இன்ஜினியர் உடனே.

"சந்தர்ப்பத்தை விடக் கூடாதுங்கறது இதுதான்" என்றான் வாயாடி.

நிர்வாகி சிரித்துவிட்டாள். போனை எடுத்தாள். "டிரைவர், விருந்தாளிங்களை ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டு வர வேணாம். மீன் மார்க்கெட்டுக்கு வாங்க... ஆமா, மீன் மார்க்கெட்... தெரிஞ்சுதான் சொல்றேன். அப்புறம், ஆபீஸ்ல இருக்கற அந்த மாவு டின் ரெண்டையும் யாராவது மாட்டுக்குப் போடுங்க." போனை அணைத்துவிட்டு ஃபிட்டரைப் பார்த்தாள். "இது இங்கயே இருக்கட்டும். நல்லா நிக்கறதுக்கு ஒரு மேடை கட்டணும். ஒண்ணு போதாது. எத்தனை வேணும்னு இவங்களையே கேட்டுக்கங்க."

நான்கே காலுக்குப் பஸ் வந்தது. அந்நேரத்துக்குக் கூடைகள் காலியாகி எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒருத்தியும் போகவில்லை. பதினோரு விருந்தாளிகளும் ஈரத் தரையில் பளபளக்கும் காலணிகளை ஜாக்கிரதையாக வைத்து இறங்கினார்கள். சிலர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். நிர்வாகி எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஆறாவது மாடலும் கோழியும் என்று ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பாளர் திகைத்துத் திகைத்துச் சொன்னார்.

குழுவின் தலைவி உயரமான, நரைத்த தலைப் பெண். இரண்டு விமானமும் ஒரு நீண்ட பஸ் பயணமும் தாண்டி வந்தவள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். மொழிபெயர்ப்பாளரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சிவந்து, நிர்வாகியின் காதில் சொன்னார்.

"ஓ! தாராளமா" என்று நிர்வாகி அவள் கையைப் பிடித்துக் கதவுக்கு அழைத்துப் போனாள்.

மீன்காரக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"எத்தனை நாட்டுக்குப் பெரியவங்களா இருந்தாலும் வரிசைலதான் வரணும்மா. எனக்கு முன்னாடியே ஆறு பேர் நிக்கறாங்க."

எதைச் சொல்வது, எதை விடுவது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. அவர் முடிவு செய்வதற்குள் தலைவிக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் எந்த வரிசையிலும் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தானே. அவள் நடந்து கடைசியில் போய் நின்றாள். குழுவில் இருந்த மற்ற மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

முன்னால் நின்றிருந்த மீன்காரப் பெண் ஒருத்தி, தலைவி நிற்கும் நிலையைப் பார்த்தாள். அவளுக்கு மொழி தெரியாது. நிலைமை தெரிந்தது. வயிற்றில் கை வைத்து, புருவத்தை உயர்த்தி, 'ரொம்பவா?' என்று கேட்டாள். தலைவி கண்ணை மூடிப் பலமாகத் தலையாட்டினாள்.

"ஏய், இவங்களை விடுங்கடி முன்னாடி!" என்று அவள் கத்தினாள்.

வரிசை சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழி விட்டது. தலைவி ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.